மதுரைப் பிள்ளைகள் சமூக அறிவியலை எங்கே படிக்கலாம், கோடை விடுமுறையில் என்ன செய்யலாம்

பிளஸ் டூ முடிவு வந்த வாரத்தில் மதுரை வீடுகளில் பொறியியல், மருத்துவம், செவிலியம், பி.காம். எல்லாம் பேசி ஓய்ந்த பிறகே பொருளாதாரம், வரலாறு, சமூகவியல், சமூகப் பணி ஆகியவற்றின் பெயர் அடிபடும். மதிப்பெண் குறைந்தவர்கள் ஒதுங்கும் இடம் என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. ஆனாலும் மனம் விரும்பி இந்தப் படிப்புக்கு வருகிறவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். அவர்களுக்காகவும், சம்மதம் சொல்லத் தயங்கும் பெற்றோருக்காகவும் இதை எழுதுகிறேன். சமூக அறிவியல் கற்பிப்பதே என் தொழில். எந்த வழியில் போனவர்கள் என்ன கற்றுக்கொண்டு வந்தார்கள் என்று அருகிலிருந்து பார்க்கும் வாய்ப்பு எனக்கு உண்டு.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இளங்கலையை மதுரையிலேயே, அரசுக் கல்லூரியிலோ அரசு உதவி பெறும் பிரிவிலோ படியுங்கள். அப்படி மிச்சமாகும் பணத்தையும், நடுவில் கிடைக்கும் இரண்டு கோடை விடுமுறைகளையும் களப்பணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெளியூர், வெளிமாநிலம் என்பதை முதுகலைக்கு வைத்துக்கொள்ளலாம். விதிவிலக்குகள் உண்டு, அவற்றையும் சொல்கிறேன்.

கல்லூரிக்கு முன்னால் பாடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: பேர் பெற்ற கல்லூரியில் இடம் கிடைத்தால் போதும், எந்தத் துறையானாலும் சரி என்று சேர்ந்துவிடுகிறார்கள். ஆசிரியர் வேலைதான் குறி என்றால் அது பெரிய ஆபத்து. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் சமூக அறிவியல் பட்டதாரி ஆசிரியர் பணியிடங்கள் வரலாறு, புவியியல் பட்டதாரிகளுக்கே வருகின்றன. முதுகலை ஆசிரியர் பணியில் பொருளாதாரமும் அரசியல் அறிவியலும் சேர்ந்துகொள்கின்றன. சமூகவியலுக்கும் சமூகப் பணிக்கும் அந்தப் பட்டியலில் இடமில்லை. பாடப்புத்தகத்தின் அட்டையில் ‘சமூக அறிவியல்’ என்று இருப்பதால், எந்தச் சமூக அறிவியல் பட்டமும் அதை நடத்தப் போதும் என்று நம்பிச் சேர்ந்து, பி.எட். வாசலில் வந்து நின்று தெரிந்துகொள்கிறவர்களைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது. பள்ளியிலேயே யாராவது சொல்லியிருக்க வேண்டிய செய்தி இது.

டி.என்.பி.எஸ்.சி. தொகுதித் தேர்வுகளுக்கு எந்தப் பட்டமும் போதும். அங்கே வரலாறும் பொருளாதாரமும் படித்தவர்களுக்குப் பாடத்திட்டம் பாதி தெரிந்ததாக இருக்கும். இந்தியப் பொருளாதாரப் பணிக்குப் பொருளாதாரத்தில் முதுகலை வேண்டும். சமூகப் பணி முதுகலைக்கோ எந்த இளங்கலையும் போதும்; அதனால் மருத்துவமனை, தொழிற்சாலை, தொண்டு நிறுவனம் என்று போக நினைக்கிறவர்கள் பதினேழு வயதிலேயே அந்தக் கதவைத் தட்ட வேண்டியதில்லை. பொருளாதாரமோ சமூகவியலோ உளவியலோ மூன்று ஆண்டு நன்றாகப் படித்துவிட்டுப் போகலாம். அப்படிப் போகிறவர்கள் எம்.எஸ்.டபிள்யூ. வகுப்பில் தனித்துத் தெரிவார்கள்.

இன்னும் முடிவு செய்யாதவர்களுக்கு நான் பொருளாதாரத்தையே சொல்வேன். எண்களைக் கண்டு பயப்படாமல் இருக்க அது பழக்குகிறது, மேலே எந்தக் கிளைக்கும் மாறிக்கொள்ள இடம் தருகிறது. பிளஸ் டூவில் கணிதம் எடுக்காதவர்களையும் நம் கல்லூரிகள் பி.ஏ. பொருளாதாரத்தில் சேர்த்துக்கொள்கின்றன. தில்லிப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் ஹானர்ஸ் சேர நுழைவுத் தேர்வில் கணிதம் கட்டாயம் என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

இனி இடங்கள். பொருளாதாரத்துக்கு நகரத்துக்குள் பஞ்சமில்லை. அமெரிக்கன் கல்லூரி, மதுரைக் கல்லூரி, தியாகராசர் கல்லூரி, பெண்களுக்கு லேடி டோக், பாத்திமா, ஸ்ரீ மீனாட்சி அரசு மகளிர் கல்லூரி என்று பட்டியல் நீளும். மேலூர், உசிலம்பட்டி பக்கத்துப் பிள்ளைகளுக்கு அங்கேயே கல்லூரி இருக்கிறது. இவற்றுள் எது உயர்ந்தது என்று நான் வரிசைப்படுத்தப் போவதில்லை. துறைக்குத் துறை, ஆசிரியருக்கு ஆசிரியர் அது மாறுகிறது. ஒரே வளாகத்துக்குள் இருக்கும் வேறொரு வித்தியாசத்தைத்தான் பெற்றோர் கவனிக்க வேண்டும். அரசு உதவி பெறும் பிரிவில் ஆண்டுக் கட்டணம் சில ஆயிரங்களோடு முடியும். அதே கல்லூரியின் சுயநிதிப் பிரிவில் அது பல மடங்கு. அரசு உதவி பெறும் பிரிவில் இடம் கிடைக்கவில்லை என்றால், பணத்தைப் புரட்டிச் சுயநிதியில் சேர்ப்பதற்கு முன்னால், இணையவழி ஒற்றை விண்ணப்பத்தில் அரசுக் கல்லூரிகளுக்கும் விண்ணப்பித்திருக்கிறோமா என்று பாருங்கள். ‘கவர்மெண்ட் காலேஜா’ என்று முகம் சுளிப்பதில் எந்த நியாயமும் இல்லை. ஆராய்ச்சிப் பட்டமும் நீண்ட அனுபவமும் உள்ள ஆசிரியர்களை அங்கேயும் பார்க்கலாம்.

அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்துவிட்டு வரும் மாணவிகளுக்கு 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும், மாணவர்களுக்கு 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1000 ரூபாய் தருகின்றன. உசிலம்பட்டியிலிருந்து தினமும் வந்துபோகும் ஒரு பிள்ளைக்கு அந்தத் தொகை எவ்வளவு பெரியது என்று அந்த வீட்டுக்குத்தான் தெரியும்.

தமிழ் வழியா, ஆங்கில வழியா என்ற கேள்வியைப் பலர் கௌரவப் பிரச்சினையாக்கிவிடுகிறார்கள். இதில் சட்டம் ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டு அரசுப் பணிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2010இல் வந்தது. 2020இல் வந்த திருத்தத்தின்படி, பட்டப்படிப்பு கேட்கும் பணிக்குப் பள்ளி முதல் பட்டம் வரை முழுவதும் தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். பள்ளியெல்லாம் தமிழ் வழியில் படித்த பிள்ளை, கல்லூரியில் மட்டும் ஆங்கில வழிக்கு மாறினால் இந்த முன்னுரிமை கைநழுவும். அரசு வேலைதான் இலக்கு என்றால் தமிழ் வழியில் தொடருங்கள். ஆராய்ச்சி, வெளிமாநில முதுகலை என்று யோசிப்பவர்கள் ஆங்கில வழிக்குப் போகலாம். எந்த வழியானாலும் ஆங்கிலத்தில் வாசிக்கும் பழக்கம் இல்லாமல் இந்தத் துறையில் மேலே போக முடியாது. ஆய்வுக் கட்டுரைகளில் பெரும்பகுதி ஆங்கிலத்தில்தான் இருக்கிறது.

நகரத்துக் கல்லூரிகளோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய தனி ரகம் காந்திகிராமம். மதுரையிலிருந்து திண்டுக்கல் போகும் வழியில், சின்னாளப்பட்டியை ஒட்டி, சிறுமலை அடிவாரத்தில் இருக்கிறது. காந்தியவாதிகளான சௌந்தரம் அம்மாவும் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் தொடங்கிய ஆசிரமத்திலிருந்து 1956இல் கிராமிய நிறுவனம் முளைத்தது. 1976இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. அங்கே கிராமம் என்பது பாடத்திட்டத்தின் ஓரத்தில் இருக்கும் ஒன்றல்ல. மாணவர்கள் குழுவாகக் கிராமத்துக்குப் போய்த் தங்கும் திட்டம் படிப்பின் அங்கம். ஊரக வளர்ச்சி, அரசியல் அறிவியல், பொருளாதாரம், சமூகவியல் எல்லாம் அந்த மண்ணில் நின்றுகொண்டுதான் நடக்கின்றன. மத்திய அரசின் நிதியில் நடப்பதால் கட்டணமும் மிரட்டாது.

அப்படியானால் எல்லோரையும் அங்கே அனுப்பலாமே என்று கேட்பீர்கள். முதுகலைக்கு அனுப்புங்கள் என்பேன். இளங்கலை வயதில் நகரத்துக் கல்லூரி தரும் கலப்பும் தேவை: அறிவியல் மாணவர்கள், நாடகக் குழு, விவாத மேடை, நூலகங்கள், மாட்டுத்தாவணி முதல் செல்லூர் வரை நடந்தே பார்க்கக்கூடிய ஒரு பழைய நகரம். விடுதிக்கு அனுப்பத் தயங்கும் குடும்பங்களும் இருக்கின்றன. திண்டுக்கல், நிலக்கோட்டை பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு மாறும். அவர்களுக்கு இளங்கலைக்கே காந்திகிராமம் பொருந்தலாம்.

நுழைவு பற்றி ஒன்று. காந்திகிராமத்துக்கும், திருவாரூரில் 2009இல் தொடங்கிய மத்தியப் பல்கலைக்கழகத்துக்கும் கியூட் என்னும் பொது நுழைவுத் தேர்வு வழியாகப் போக வேண்டும். அதற்கான விண்ணப்பம் ஆண்டின் தொடக்க மாதங்களிலேயே முடிந்துவிடும். பிளஸ் டூ மதிப்பெண் கையில் கிடைத்த பிறகு யோசிக்கிற நம் பழக்கத்துக்கு அது காத்திருக்காது.

தொலைநிலைக் கல்வியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். மதுரைப் பல்கலைக்கழகம் (இன்றைய மதுரை காமராசர் பல்கலைக்கழகம்) 1971லேயே அஞ்சல் வழிக் கல்வியைத் தொடங்கியது. இந்த வட்டாரத்தில் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் எத்தனையோ பேர் அந்த வழியில் வந்தவர்கள். இன்று தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், ஜனவரி, ஜூலை என இருமுறை சேர்க்கை நடத்தும் இக்னோ என்னும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களுக்கும், திருமணத்தால் படிப்பு நின்றுபோன பெண்களுக்கும் இதைவிடச் சிறந்த வாசல் இல்லை. பதினெட்டு வயதுப் பிள்ளையை, கல்லூரிக்குப் போக வழியிருந்தும், இதில் சேர்க்காதீர்கள். சமூக அறிவியலை எழுதிக் காட்டி, திருத்தி வாங்கி, மறுபடி எழுதித்தான் கற்க முடியும். அதற்கு எதிரே ஓர் ஆசிரியர் வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு பட்டப்படிப்பு படிக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் அனுமதித்ததிலிருந்து, கல்லூரியில் வரலாறும் தொலைநிலையில் பொது நிர்வாகமும் என்று சேர்த்துப் படிப்பவர்கள் வந்திருக்கிறார்கள். முடிந்தால் செய்யலாம். இரண்டையும் அரைகுறையாக விட்டுவிடும் ஆபத்தும் உண்டு.

முதுகலைக்கு மதுரையில் சமூகப் பணி என்றால் அழகர்கோவில் சாலையில் உள்ள மதுரை சமூக அறிவியல் நிறுவனத்தின் பெயரைத்தான் முதலில் சொல்வார்கள். ஆய்வை நோக்கிப் போகிறவர்களுக்குத் தேனி சாலையில், பல்கலை நகரில், 1966இல் தொடங்கிய மதுரை காமராசர் பல்கலைக்கழகம் இருக்கிறது. சோழவந்தான் பக்கத்தில் தானம் அறக்கட்டளையோடு இணைந்த டாடா தானம் அகாதமி, வளர்ச்சி மேலாண்மையில் இரண்டு ஆண்டுப் படிப்பு நடத்துகிறது. சுயஉதவிக் குழு, கண்மாய்ச் சீரமைப்பு போன்ற வேலைகளில் இறங்க விரும்புகிறவர்கள் கட்டாயம் விசாரித்துப் பார்க்க வேண்டிய இடம் அது; பக்கத்திலிருந்தும் நம் பிள்ளைகள் பலருக்கு அதன் பெயரே தெரியாது.

இனி கோடை. ஏப்ரல் கடைசியில் தேர்வு முடிந்தால் ஜூன் நடுப்பகுதி வரை கல்லூரி இல்லை. மூன்று ஆண்டுப் படிப்பில் இரண்டு முறை வரும் இந்தக் காலத்தைத் தட்டச்சு வகுப்புக்கும் கணினி மையத்துக்கும் கொடுத்துவிடுவது நம் வழக்கம். அதில் தவறில்லை, ஆனால் போதாது.

வெளிநாட்டுக் கோடைப் படிப்புகளின் விளம்பரம் இப்போது கைப்பேசியிலேயே வந்துவிடுகிறது. லண்டன் பொருளாதாரப் பள்ளி மூன்று வாரப் பாடங்களாகக் கோடைப் பள்ளி நடத்துகிறது. ஒரு பாடத்துக்கு மட்டுமே இரண்டாயிரம் பவுண்டுக்கு மேல். விமானம், விசா, தங்குமிடம் தனி. இளங்கலை மாணவருக்கு அது தேவையே இல்லை. அந்தப் பணத்தில் இங்கே ஒரு முழு முதுகலையை முடித்துவிடலாம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1963 முதல் நடக்கும் சமூக ஆய்வு முறைகளுக்கான கோடைப் படிப்பு வேறு தரம். புள்ளியியல் முறைகளை ஆழமாகச் சொல்லித்தருகிறார்கள். முனைவர் பட்ட ஆய்வில் இருப்பவர், உதவித்தொகையும் கிடைத்தால், யோசிக்காமல் போகலாம். உள்நாட்டிலேயே இந்தியச் சமூக அறிவியல் ஆய்வு மன்றத்தின் உதவியோடு ஆய்வு முறையியல் பயிற்சிகள் நடக்கின்றன. அவையும் பெரும்பாலும் முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்கே.

ஸ்வயம், என்.பி.டி.இ.எல். என்னும் இணையவழிக் கல்வித் தளங்களின் பாடங்களில் சேரக் கட்டணம் இல்லை. தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கத்தான் பணம். பெரும்பாலான பாடங்கள் ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்குவதால் மே மாத விடுமுறைக்குள் அடங்குவதில்லை. பழைய பாடங்களின் காணொளிகளை மே மாதத்தில் பார்த்துவிட்டு ஜூலையில் முறைப்படிச் சேர்வது நல்ல உத்தி. பன்னிரண்டு வாரப் பாடத்தைக் கல்லூரி நடக்கும்போது முதல் தடவையாகப் பார்ப்பவர்கள் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

இதையெல்லாம்விட நான் உயர்த்திச் சொல்வது சொந்த வட்டாரத்தில் செய்யும் களப்பணியை. இதற்கு ஓர் உதாரணத்தை விரிவாகச் சொல்ல வேண்டும். உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் மல்லிகைத் தோட்டங்கள் உண்டு. பூப்பறிக்கும் பெண்களின் வருமானத்தை ஆய்வு செய்யப் போகும் மாணவர்கள் வினாப்பட்டியலில் ‘மாத வருமானம்’ என்று எழுதி, 5000க்குக் கீழ், 5000 முதல் 10,000 வரை என்று கட்டம் போட்டு எடுத்துப்போவார்கள். தோட்டத்தில் போய்க் கேட்டால் பதில் இப்படி வரும்: “மாதக் கணக்கெல்லாம் தெரியாது கண்ணு. நேற்று மூன்று கிலோ பறித்தேன்.” விடிவதற்கு முன்பே, மொட்டு விரிவதற்குள், பறித்தாக வேண்டும். கூலி கிலோ கணக்கில். கோடையில் பூ கொட்டும். மார்கழிப் பனியில் செடி அடங்கிவிடும், அப்போது சந்தையில் விலை மட்டும் ஏறும். பறிக்கிறவருக்கு அந்த விலையில் பங்கு வருவதில்லை. இதில் எந்த மாதத்தின் வருமானத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

அந்த இடத்தில்தான் கல்வி தொடங்குகிறது. கட்டங்களை அடித்துவிட்டு, நேற்று எத்தனை கிலோ, கிலோவுக்கு என்ன கூலி, எடை போட்டது யார், கடந்த ஏழு நாளில் எத்தனை நாள் வேலை, தோட்டக்காரரிடம் முன்பணம் வாங்கியிருக்கிறதா என்று கேள்விகளை மாற்றி எழுதும் மாணவி, ஒரு பருவம் முழுக்க வகுப்பில் கேட்டும் பிடிபடாத ஒன்றைப் பிடித்துவிடுகிறாள். 2017 முதல் நடக்கும் தேசியத் தொழிலாளர் கணக்கெடுப்பு, கடந்த ஏழு நாள் வேலையைத் தனியாகக் கேட்பது ஏன் என்று அவளுக்கு இனி யாரும் விளக்க வேண்டியதில்லை.

மதுரைக்கு மேற்கே உள்ள கிராமங்களில் 1940களின் இறுதியில் வந்து தங்கி ஆய்வு செய்த பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துய்மோன், பின்னாளில் சாதி பற்றி உலகம் முழுக்க விவாதிக்கப்பட்ட கருத்துகளை முன்வைத்தார். அவரோடு உடன்படுகிறோமா இல்லையா என்பது வேறு. நம் ஊரைப் பார்க்கப் பாரிஸிலிருந்து ஒருவர் வந்தார். இன்றும் அமெரிக்க மாணவர்கள் கோடைக் காலத் தமிழ்ப் படிப்புக்காக அமெரிக்க இந்தியவியல் நிறுவனத்தின் வழியாக மதுரைக்கு வருகிறார்கள். அவர்கள் பாடுபட்டுக் கற்கும் மொழி நம் பிள்ளைகளுக்குத் தாய்மொழி. பூந்தோட்டத்துப் பாட்டி அரைவாக்கியத்தில் சொல்லி நிறுத்துவதை முழுதாகப் புரிந்துகொள்ளும் காது நம் பிள்ளைகளுக்கு இருக்கிறது. அதைப் பயன்படுத்தாமல் மே மாதத்தை வீணாக்குவது எனக்குத் தாங்கவே முடியாத விஷயம்.

நடைமுறையில் எப்படிச் செய்வது? முதல் ஆண்டுக் கோடையில் வாசிப்பும் அடிப்படைப் புள்ளியியலும் போதும். புது நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் கத்திரி வெயிலுக்கு நல்ல புகலிடம். கணினியில் விரிதாள் ஒன்றில் சராசரி, விழுக்காடு, அட்டவணை போடத் தெரிந்துகொள்ளுங்கள். புள்ளியியல் மென்பொருள் சான்றிதழுக்கு ஆயிரக்கணக்கில் கேட்கும் மையங்களுக்கு அவசரப்பட்டுப் போக வேண்டாம். ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. சித்திரைத் திருவிழா அந்தப் பருவத்தில்தான் வருகிறது. அழகர் வரும் வழியில் எந்த மண்டகப்படி யாருடையது, அது எப்படி அவர்களுக்கு வந்தது என்று விசாரித்து இரண்டு பக்கம் எழுதிப் பார்த்தால் வரலாறும் சமூகவியலும் ஒருசேர வாசலுக்கு வந்து நிற்கும்.

இரண்டாம் ஆண்டுக் கோடையில் ஒரே ஊர், ஒரே கேள்வி. ஒரு கண்மாயின் தண்ணீர்ப் பங்கீடு, செல்லூரில் மிச்சமிருக்கும் தறிகள், கீழடி அருங்காட்சியகம் 2023இல் திறந்த பிறகு அந்த ஊர்க் கடைத்தெருவில் ஏற்பட்ட மாற்றம், இப்படி ஏதாவது ஒன்று. தொண்டு நிறுவனத்தில் பயிற்சிக்குச் சேர்வதானால், அலுவலகத்தில் கோப்பு அடுக்க வைப்பார்களா, களத்துக்கு அனுப்புவார்களா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். காலை பத்து மணிக்கு மேல் வெயிலில் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். விடியலும் அந்தியும்தான் நேரம். பெண் பிள்ளைகள் இருவராகப் போகட்டும். பெயரைக் குறிக்காமல் எழுதுவோம் என்று பதில் சொல்பவரிடம் முன்கூட்டியே சொல்லி, சம்மதம் வாங்குங்கள். முதுகலை மாணவர்களுக்கு நிதி ஆயோக்கும் ரிசர்வ் வங்கியும் நடத்தும் பயிற்சித் திட்டங்கள் உண்டு. ரிசர்வ் வங்கிக்கு முந்தைய ஆண்டின் இறுதியிலேயே விண்ணப்பிக்க வேண்டும்.

கடைசியாக, கல்லூரிகளை நேரில் பார்க்கப் போகும் பெற்றோருக்கு. கட்டடத்தையும் வேலைவாய்ப்புப் பலகையையும் பார்த்த பிறகு, துறைக்குப் போய், சென்ற ஆண்டு மாணவர்களின் திட்டக் கட்டுரைகளைக் காட்டச் சொல்லுங்கள். இரண்டைப் புரட்டினாலே தெரிந்துவிடும். எல்லாக் கட்டுரையிலும் அதே தலைப்பு, அதே அட்டவணை, ஆசிரியர் கையெழுத்து மட்டும் என்றால் வேறு கல்லூரி பாருங்கள். ஓரங்களில் திருத்தமும், “இதை மறுபடி போய்க் கேள்” என்ற குறிப்பும் இருந்தால், கல்லூரியின் பெயர் பெரிதோ சிறிதோ, அந்தத் துறையில் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.